கப்பலில் ஆத்தாவுக்கு எழுபது: வெள்ளை உடை இரவில் பிறந்தநாள் கொண்டாட முழுமையான வழிகாட்டி

பாஸ்போர்ட்டில் எங்கள் ஆத்தாவின் (அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பிறந்தநாள் ஜூன் 1. அது பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதி. ஆத்தா பிறந்தது மாசி மகத்தன்று. மகம் ஜகத்தை ஆளும் என்பார்கள். ஆத்தா ஆண்டது காரைக்குடியில் எங்கள் வளவு வீட்டு அடுப்படியைத்தான்.

எங்கள் பக்கம் அறுபது, எழுபது, எண்பது என்று சாந்தி செய்வதெல்லாம் வீட்டு ஆம்பளை வயதைக் கணக்கு வைத்துத்தான். அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, அறுபது செய்தோம், எழுபது செய்தோம். இரண்டு தடவையும் ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அவர் வயதுக்கென்று ஒரு விசேஷம் நடந்ததே இல்லை. அதனால் ஆத்தாவுக்கு எழுபது வந்தபோது, அவரை அடுப்படிக்கே போக முடியாத ஓர் இடத்துக்குக் கூட்டிப்போவது என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். கப்பல் தவிர வேறு எந்த இடமும் அதற்குத் தோதுப்படவில்லை.

மூன்று இரவுப் பயணம், நாங்கள் பதினான்கு பேர். இரண்டாம் நாள் இரவு கப்பல் முழுக்க வெள்ளை உடை அணிய வேண்டிய கொண்டாட்டம். அதற்குள்தான் எங்கள் பிறந்தநாளை வைத்தோம். நாங்கள் பட்ட பாட்டையும் கற்றதையும் சேர்த்து, வேலை வரிசைப்படி எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலில் நாம் விசேஷ வீட்டுக்காரர் இல்லை, விருந்தாளி. பந்தி விசாரித்தே பழகிய செட்டிநாட்டு ஆட்களுக்கு இது லேசில் பிடிபடாது. விழாவைக் கப்பல்காரர்கள் நடத்துவார்கள். நமக்குள்ள வேலையெல்லாம் ஏறுவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

1. எந்தப் பிறந்தநாள் என்று முடிவு செய்யுங்கள்

கப்பல் கம்பெனிக்குத் தெரிந்தது பாஸ்போர்ட் தேதி ஒன்றுதான். அது பயண நாட்களுக்குள் வந்தால் பெரும்பாலும் சாப்பாட்டு மேசைக்குச் சின்னதாக ஒரு கேக் வரும், பரிமாறுகிறவர்கள் கூடிநின்று கைதட்டிப் பாடுவார்கள். நட்சத்திரப் பிறந்தநாள் என்றால் நீங்கள் சொன்னால்தான் உண்டு. நாங்கள் ஏஜென்ட்டிடம் போனில் சொன்னோம். அவரும் "சொல்லிட்டேன், கவலைப்படாதீங்க" என்றார். கப்பலில் ஏறிக் கேட்டால் எங்கள் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை. வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல், மணிக்கணக்கு. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நம்மூர்ப் பஞ்சாங்கத்தில் காலை 9.30 வரை மகம் என்று இருந்தால், அங்கே கடிகாரத்தில் நண்பகல் 12 மணி வரை மகம். இலங்கைப் பக்கம் போகும் கப்பல் என்றால் இந்த வம்பே இல்லை, அங்கேயும் நம்ம நேரம்தான்.

நட்சத்திரம் வருஷா வருஷம் வேறு வேறு கிழமையில் வரும். கப்பலோ குறிப்பிட்ட கிழமைகளில்தான் கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் பொருத்த முயன்று ஒரு மாதம் வீணாக்கினோம். கடைசியில் பிரித்துக்கொண்டோம். மகம் இருக்கும் காலையில் கரையில் சாமி கும்பிடுவது, மறுநாள் இரவு கப்பலில் கேக். "மாசி மகத்துக்கு சாமியே கடலாடப் போகுது, நான் போகக்கூடாதா?" என்று ஆத்தாவே சொன்னபோது பாதி வேலை முடிந்தது.

2. கப்பலையும் இரவையும் தேர்ந்தெடுப்பது

நம் ஊரிலிருந்து இரண்டு வழி. ஒன்று சென்னைத் துறைமுகம். 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் அங்கிருந்து கிளம்பியது, அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கைக்கும் போனது. வருஷம் முழுக்க ஓடுவதில்லை, அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று சிங்கப்பூர். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர், அங்கிருந்து நேர் விமானம், நாலு மணி நேரம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு அப்பச்சியும் ஒரு காரணம். பத்துப் பன்னிரண்டு வயதில் அவர் எங்கள் ஐயாவோடு (தாத்தா) நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போன கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம்.

பயணிகளில் வயசானவர்கள் இருந்தால் கடல் எப்படி இருக்கும் என்று பாருங்கள். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் இடையே உள்ள மலாக்கா நீரிணையைச் சுமத்ரா தீவு மறித்து நிற்பதால் ஆட்டம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் போவதற்கு இது எவ்வளவோ தேவலை.

அடுத்தது எந்த இரவு. வெள்ளை உடை இரவு, எழுபதுகளின் டிஸ்கோ, முகமூடி விருந்து, கோட்டு சூட்டு போடும் முறையான இரவு என்று கப்பலுக்குக் கப்பல் மாறும். டிக்கெட் போடும் முன்பே, எந்த நாளில் எந்த இரவு என்று கேளுங்கள். முதல் நாள் இரவு வேண்டாம். பெட்டி அறைக்கு வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிடும், எல்லோரும் அலுத்துப்போயிருப்பார்கள். கடைசி இரவும் வேண்டாம். அன்று பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். நடுவில் வரும் இரவுதான் சரி. அதுவும் காற்று, மழை பார்த்து மாற்றப்படலாம், ஏறியதும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

3. டிக்கெட், விசா

இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் விசா பல முறை நுழையும் வகையாக இருக்கட்டும். கப்பல் கிளம்பினால் நாட்டை விட்டுப் போனதாகத்தான் கணக்கு, திரும்பி இறங்குவது இரண்டாவது நுழைவு. 6 மாதம் நிறையாத கைக்குழந்தைகளையும், 24 வாரம் தொட்ட கர்ப்பிணிகளையும் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. சொந்தத்தில் யாரையாவது அழைக்கும் முன் இதை யோசியுங்கள், அழைத்துவிட்டு வேண்டாம் என்பது பெரிய மனஸ்தாபம்.

பெரியவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கமாக அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்தோடு வாந்தி மாத்திரை சேரலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

வெவ்வேறு குடும்பமாக டிக்கெட் போட்டிருந்தால் எல்லா முன்பதிவு எண்களையும் இணைக்கச் சொல்லுங்கள். இதை விட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு மூலையில் மேசை கிடைக்கும்.

4. எழுதிக் கொடுக்க வேண்டியது

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரே ஒரு மின்னஞ்சல், எல்லா விவரமும் அதில். நாங்கள் எழுதியிருக்க வேண்டியது இதுதான்:

"எங்கள் தாயாருக்கு எழுபதாவது பிறந்தநாள். பாஸ்போர்ட்டில் உள்ள தேதி வேறு, நாங்கள் கொண்டாடுவது பயணத்தின் இரண்டாம் நாள் இரவு. நாங்கள் 14 பேர், முன்பதிவு எண்கள் கீழே. முதல் சுற்றுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே இடத்தில், அடுத்தடுத்த மேசை வேண்டும். 5 பேர் முட்டைகூடச் சேர்க்காத சைவம். முட்டை இல்லாத கேக் ஒன்று, 20 பேர் அளவுக்கு, கட்டணம் எவ்வளவு? கேக்கில் எழுத வேண்டிய பெயர் இது."

பெயரை ஆங்கில எழுத்தில் பெரிதாக, பிழையில்லாமல் கொடுங்கள். தமிழில் எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். இனாமாக வரும் கேக் நாலு பேருக்குத்தான் காணும், பெரிய கேக் தனிக் காசு. முட்டை இல்லாத கேக் அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. சாப்பாட்டு நேரம் பெரும்பாலும் இரண்டு சுற்று, ஒன்று ஆறு மணியை ஒட்டி, இன்னொன்று எட்டரையை ஒட்டி. பெரியவர்களும் பிள்ளைகளும் இருந்தால் முதல் சுற்றுதான் தோது. மேல்தளத்தில் ஆட்டம் பாட்டம் தொடங்கும்முன் ஒரு மணி நேரம் காலாற உட்காரலாம்.

5. உடை: இங்கேதான் வீட்டில் சண்டை

ஆம்பளைகளுக்குக் கவலையே இல்லை. வெள்ளையும் சொள்ளையுமாகத் திரிவது நம் ஆட்களுக்குப் பிறவிப் பழக்கம். அப்பச்சி பெட்டியைத் திறந்தால் வேறு நிறமே கிடையாது. முறையான உடை கேட்கும் இரவுகளிலும் அவரவர் நாட்டு மரபு உடையைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுக்கொள்கின்றன. பட்டுக்கரை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போதும். ஆனாலும் உங்கள் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆத்தாவிடம் "வெள்ளைச் சீலை" என்று நான் வாயெடுத்ததுதான் தாமதம், கையில் இருந்த அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஒங்கப்பச்சி குத்துக்கல்லாட்டம் முகப்புல உக்காந்திருக்கறப்ப எனக்கெதுக்குடி வெள்ளைச் சீலை?"

அதற்குமேல் பேச முடியுமா? கப்பல்காரர்களுக்கு வெள்ளை என்றால் கொண்டாட்டம். எங்கள் ஆத்தா தலைமுறைக்கு அது தாலி இறங்கிய பிறகு வருகிற நிறம். இதில் யார் சரி என்று வாதாடிப் பிறந்தநாளைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. வழி இருக்கிறது. உடை விதியைக் கப்பலில் யாரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. வெள்ளை இரவுக்குச் சந்தன நிறம், தந்த நிறம் எல்லாம் செல்லும். காரைக்குடி கண்டாங்கிச் சீலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்புக் கட்டத்தில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சந்தன நிற உடலும் நாலு விரல் அகல அரக்குக் கரையுமாக ஒன்று தறிக்காரரிடம் சொல்லி வாங்கினோம். அரக்கு ரவிக்கை, நெற்றி நிறையக் குங்குமம், மல்லிகைக்குப் பதிலாகத் துணிப்பூ. ஆத்தா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது வெள்ளையில்ல, பால் நெறம்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

கண்டாங்கி பருத்தி என்பது இன்னொரு வசதி. மேல்தளத்தில் காற்று பிய்த்து எறியும், பட்டு அங்கே நிற்காது. முந்தானைக்கு ஊக்கு இரண்டு கூடுதலாகக் குத்துங்கள். குதிகால் செருப்பு வேண்டாம், தளம் ஈரமாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு யோசனை: வெள்ளைச் சட்டையைச் சாப்பிட்ட பிறகு மாட்டிவிடுங்கள்.

6. பெட்டியில் எது போகலாம், எது கூடாது

கப்பலில் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் நெருப்புதான். மெழுகுவத்தி, அகல், சூடம், ஊதுவத்தி, மத்தாப்பு எதுவும் கூடாது. இஸ்திரிப் பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். ஹீலியம் பலூனும் பல கப்பல்களில் கிடையாது.

அறைச் சுவரும் கதவும் பெரும்பாலும் இரும்புத் தகடு. ஒட்டும் நாடா ஒட்டவிட மாட்டார்கள், ஆனால் காந்தம் பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சின்னக் காந்தங்கள் ஒரு டஜன் கொண்டுபோனால் காகிதத் தோரணம், பழைய படங்கள் எல்லாம் தொங்கவிடலாம். நாங்கள் ஆத்தாவின் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிக் கதவில் மாட்டினோம். எங்கள் அறை எது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கவும் அது உதவியது, தாழ்வாரத்தில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும். பேட்டரி விளக்கு நாலு எடுத்துக்கொள்ளுங்கள், அகல் மாதிரியே கிடைக்கிறது.

வீட்டில் செய்த பலகாரத்தைக் கப்பலில் ஏற்ற விடுவதில்லை. ஆத்தா மாவுருண்டையும் மனகோலமும் தூக்குவாளி நிறையச் செய்து வைத்திருந்தார், அதைத் திருச்சிக்குக் கிளம்பும்முன் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டியதாயிற்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வண்டி ஏறினார். கடையில் முத்திரை பிரிக்காத பொட்டலமாக வாங்கிய தேன்குழலும் சீப்புச் சீடையும் தடையில்லாமல் போயின. அவற்றைப் போட்டுக் கொடுக்கப் பனையோலைக் கொட்டான் கொண்டுபோனோம். எடை கிடையாது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். எங்கள் மேசையில் பரிமாறியவர்களுக்கும் அறை பெருக்கியவருக்கும் தாம்பூலப் பைக்குப் பதிலாக அதுதான்.

விசேஷ உடையைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பெட்டி தவறினாலும் பிறந்தநாள் தவறாது.

7. ஏறும் நாள்

முதல் நாளே சிங்கப்பூர் போய்த் தங்கிவிடுங்கள். கப்பல் ஏறும் அன்று காலை டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோவில். 1859-இல் நம் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கட்டியது. அங்கே ஆத்தா பேருக்கும் மகத்துக்கும் அர்ச்சனை. நெருப்பு, தேங்காய், சூடம் என்று கப்பலில் முடியாததெல்லாம் இங்கேயே முடிந்துவிடும். திருநீற்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டோம், மறுநாளுக்கு.

பிறகு மெரினா பே கப்பல் நிலையம். ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று உண்டு, உயிர்காக்கும் அங்கியை எப்படிப் போடுவது, ஆபத்தென்றால் எங்கே கூடுவது என்று. 2012-இல் கோஸ்டா கான்கார்டியா விபத்துக்குப் பிறகு, கப்பல் கிளம்பும் முன்பே இல்லையென்றால் கிளம்பிய உடனே இதை நடத்த வேண்டும் என்று விதி. தப்பிக்கப் பார்க்காதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பயிற்சி முடிந்ததும் நேரே சாப்பாட்டுக் கூடத் தலைமைச் சிப்பந்தியைப் போய்ப் பாருங்கள். மேசை, கேக், சைவம், நேரம் என்று நாலும் அவரிடம் சொல்லி, அவர் குறித்துக்கொள்வதைக் கண்ணால் பாருங்கள். எங்கள் ஏஜென்ட் சொதப்பியது இங்கேதான் சரியானது. முதல் நாள் மதியமே போனதால் முட்டையில்லாத கேக்குக்கு அவர்களுக்கு ஒரு நாள் கிடைத்தது. மறுநாள் மதியம் போயிருந்தால் பழத்தட்டுதான்.

செல்போனை ‘ஏரோபிளேன் மோட்’ நிலையில் போட்டுவிடுங்கள். கடலில் கப்பலே கொடுக்கும் செல் அலைவரிசை பிடித்தால் ரோமிங் கட்டணம் தீட்டிவிடும்.

8. அந்தச் சாயங்காலம்

ஐந்து மணிக்குள் எல்லோரும் தயார். முதல் வேலை, விழுந்து கும்பிடுவது. எங்கள் அறை, வளவு வீட்டுச் சாமான் அறையில் பாதிகூட இராது. கட்டில் போக மிச்சம் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற இடம். பேரப்பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உள்ளே வந்து, ஒருவர் காலை இன்னொருவர் மிதிக்காமல் விழுந்து எழுந்து, திருநீறு வாங்கிக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனார்கள். ஆத்தாவும் அப்பச்சியும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். இதைக் கப்பலின் நடுக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. நல்லவேளை, அவன் பேச்சை நாங்கள் கேட்கவில்லை.

ஐந்தரைக்குப் படம். நடுக்கூடத்துப் படிக்கட்டில் கப்பல் படக்காரர்கள் நிற்பார்கள். கூட்டம் சேரும் முன் போனால் பதினான்கு பேரையும் நிதானமாக நிறுத்தி எடுப்பார்கள். எடுப்பதற்குக் காசில்லை, வாங்கினால்தான்.

ஆறு மணிக்குச் சாப்பாடு. பரிமாறுபவரிடம், கேக்கைக் கடைசியில் கொண்டுவராமல் நடுவில் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் சுற்று முடியும்போது அடுத்த சுற்றுக்கு மேசை போடும் அவசரத்தில் இருப்பார்கள். அன்று எங்களைத் தவிர இன்னும் மூன்று மேசையில் பிறந்தநாள், ஒரே பாட்டு நாலு தடவை. இதில் மனம் சுருங்க வேண்டாம், கப்பலில் அப்படித்தான். நாங்கள் அவர்களுக்குக் கைதட்டினோம், அவர்கள் எங்களுக்குத் தட்டினார்கள்.

மெழுகுவத்தி இல்லையே என்று பிள்ளைகள் முனகினார்கள். ஆத்தாவுக்கு அதில் பரம திருப்தி. விளக்கை ஊதி அணைப்பதா என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சண்டை போடுகிறவர் அவர். பேட்டரி அகலைக் கேக் பக்கத்தில் வைத்தோம். அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஒன்பது மணிக்கு மேல்தளத்தில் வெள்ளைக் கூட்டம். பாட்டுச் சத்தம் நெஞ்சில் அடிக்கும். பெரியவர்களுக்கு ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம், காற்று மறைவில் நாற்காலி பிடித்து வையுங்கள், அரை மணி நேரம் முன்னால் போனால் கிடைக்கும். ஆத்தா ஆட மாட்டார் என்று தெரியும். பௌர்ணமி கழிந்த மறுநாள் நிலா கிழக்கே கிளம்பியிருந்தது. அப்பச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரஜுலா கதையை நூற்றோராவது தடவையாகத் தொடங்கினார். ஆத்தா, "அந்தக் கப்பல்ல நீங்க ஒங்க ஐயாவோட போனீக, இதுல நான் வந்திருக்கேன்" என்றார். அப்பச்சி கதையை அதோடு நிறுத்திவிட்டார்.

9. கணக்கும் கடைசி இரவும்

கப்பலில் கையில் காசு புழங்காது. அறை அட்டையைக் காட்டிக்கொண்டே போவோம், கடைசி நாள் மொத்தமாக வரும். சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாகப் போடுவார்கள். பிள்ளைகளுக்கும் உண்டு. டிக்கெட்டில் சேர்த்தியா இல்லையா என்று முன்பே பாருங்கள். கேக், படம், இணையம், குளிர்பானம் நான்கும்தான் நமக்குத் தெரியாமல் ஏறும். தினமும் ராத்திரி வரவேற்பு மேசையிலோ அறைத் தொலைக்காட்சியிலோ கணக்கைப் பார்த்துவிடுங்கள். எங்களுக்குப் படக் கட்டணம் இரண்டு தடவை ஏறியிருந்தது, இரண்டாம் நாளே சொன்னதால் கழித்துவிட்டார்கள். ஐந்தொகை போட்டுப் பழகிய குடும்பம், இதிலெல்லாம் விடுவோமா?

கடைசி இரவு பெட்டிகளை வாசலில் வைக்கும்போது, மறுநாள் காலையில் போட ஒரு செட் உடுப்பை வெளியே எடுத்து வைக்க மறக்காதீர்கள். பெட்டி ராத்திரியே போய்விடும், கரையில்தான் கைக்கு வரும். எங்கள் வீட்டில் சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் மடித்துக் கட்டியது ஆத்தா. காலையில் அப்பச்சிக்கு மிச்சம் இருந்தது, துவைக்கப் போட வேண்டும் என்று ஓரமாக வைத்திருந்த முந்தின இரவு வேட்டி ஒன்றுதான். முழங்காலுக்கு மேலே கேக் கறையோடு சிங்கப்பூரில் இறங்கினார்.